ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறது, குடல் பாக்டீரியா ரிப்போர்ட்டும் சிவப்பாக வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

1. அரைத்தூக்கம்

எனக்குப் பல வருடங்களாக ஹெப்படைட்டிஸ் பி. தினமும் டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி அளவு நார்மல், ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரலில் தழும்பு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை.

கொஞ்ச நாளாக வயிறு உப்புசமாகவே இருந்ததால், ஆன்லைனில் குடல் நுண்ணுயிர் பரிசோதனை ஒன்றுக்குப் பணம் கட்டி மல மாதிரி அனுப்பினேன். பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வந்தது. முதல் பக்கத்திலேயே ஒரு மீட்டர் படம், முள் சிவப்பில் நிற்கிறது: 'டிஸ்பயாசிஸ், கடுமையானது', அதாவது குடல் பாக்டீரியாக்களின் சமநிலை ரொம்பக் கெட்டிருக்கிறதாம். பிஃபிடோபாக்டீரியம் குறைவு, ஸ்ட்ரெப்டோகாக்கஸும் வெயிலோனெல்லாவும் அதிகம், மொத்த வகைகளும் குறைவு. அடியில் 'நாள்பட்ட கல்லீரல் நோயில் காணப்படும் அமைப்பு இது' என்று ஒரு வரி. அதற்கும் அடியில் அவர்களே விற்கும் கேப்சூல்.

அந்த ஒரு வரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கல்லீரல் டாக்டரிடம் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்து, "இதை வைத்து நான் எதையும் மாற்றப் போவதில்லை" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். வெளியே கூட்டம், மேலே கேட்க வாய்க்கவில்லை.

குடல் பாக்டீரியாவுக்கும் ஹெப்படைட்டிஸுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? ஸ்கேன் சொல்லாத எதையாவது இந்த ரிப்போர்ட் சொல்கிறதா? கேப்சூல் சாப்பிட்டால் வைரஸ் குறையுமா?

2. நுண்ணோக்கி

நான் டாக்டர் இல்லை, நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடர்பு உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கத்திலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. சாப்பாட்டிலிருந்து உறிஞ்சிய சத்து மட்டும் அதில் வருவதில்லை. செத்த பாக்டீரியாக்களின் சுவர்த் துண்டுகள், அவை உண்டாக்கிய அம்மோனியா எல்லாம் சேர்ந்தே வருகின்றன. நல்ல கல்லீரல் இதைச் சத்தமில்லாமல் சமாளிக்கும். அங்கே உள்ள குப்ஃபர் செல்கள் துண்டுகளை விழுங்கிவிடும், அம்மோனியா யூரியாவாக மாறிச் சிறுநீரில் போய்விடும்.

கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் வழி பித்தம். கொழுப்பைக் கரைப்பது மட்டும் பித்த அமிலத்தின் வேலை இல்லை, குடலில் எந்த பாக்டீரியா எவ்வளவு வளரலாம் என்பதையும் அது கட்டுப்படுத்துகிறது. பாக்டீரியாக்கள் தம் பங்குக்கு அந்த அமிலங்களை வேறு வகையாக மாற்றுகின்றன. சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு மறுபடி கல்லீரலுக்கே வந்துசேர்கிறது.

வைரஸால் வருடக்கணக்கில் அழற்சி நீடித்து, தழும்பு கூடி, கல்லீரலே தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் வரை போனால் இந்தச் சுற்று கெடுகிறது. பித்த அமிலம் குடலுக்குப் போவது குறையும். போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறிக் குடல் சுவர் வீங்கும், குடலின் அசைவும் மந்தமாகும். வழக்கமாகக் கொஞ்சமாக இருக்கும் ஈ.கோலை குடும்பத்து பாக்டீரியாக்கள் பெருகும். சுவர் கசிந்து எண்டோடாக்சின் (மேலே சொன்ன பாக்டீரியா சுவர்த் துண்டுகளில் உள்ள நச்சு) கூடுதலாகக் கல்லீரலுக்கு வரும். அது குப்ஃபர் செல்களை உசுப்பிவிட, அழற்சியும் தழும்பும் இன்னும் ஏறும்.

ஆனால் நான் சொன்னதில் பெரும்பகுதி சிரோசிஸ் நிலையில் நடப்பது. உங்கள் ஸ்கேன் அப்படிச் சொல்லவில்லையே.

3. சந்தேகப்பிராணி

தொடர்பு உண்டு என்பதில் எனக்கும் தகராறு இல்லை. எது முந்தி என்பதுதான் கேள்வி. இந்தத் துறையில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை, நோயாளிகள் இத்தனை பேர், ஆரோக்கியமானவர்கள் இத்தனை பேர், ஒரே ஒரு தடவை மாதிரி எடுத்து ஒப்பிட்டோம் என்கிற ரகம். மழை நாளில் தெருவில் குடைகளை எண்ணிவிட்டு, குடைதான் மழையைக் கூட்டி வந்தது என்று சொல்வது போலத்தான் இதை வைத்துக் காரணம் சொல்வது.

நோயாளிகள் சாப்பிடும் மருந்து வேறு, உணவு வேறு, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் தடவைகள் வேறு, எடுத்துக்கொண்ட ஆன்டிபயாடிக் வேறு. ஒவ்வொன்றும் குடலை மாற்றும்.

அரைத்தூக்கம், மாதிரி அனுப்பிய சமயத்தில் டெனோஃபோவிர் தவிர வேறு என்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்? சும்மா கேட்கவில்லை.

4. நுண்ணோக்கி

குடை உதாரணத்தைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

2014ல் நேச்சர் இதழில் வந்த சீன ஆய்வு இதில் முக்கியமானது. சிரோசிஸ் உள்ள 98 பேர், ஆரோக்கியமான 83 பேர். சிரோசிஸ்காரர்களில் பலருக்கு மூல காரணம் ஹெப்படைட்டிஸ் பி. அவர்கள் குடலில் கூடுதலாக இருந்த இனங்களில் பாதிக்கு மேல், 54 சதவீதம், வாயில் வாழ்பவை. வாயிலிருந்து இறங்கும் பாக்டீரியாவை வயிற்று அமிலமும் பித்தமும் வழியிலேயே முடித்துவிட வேண்டும். அது நடக்காததால் அவை கீழே குடியேறியிருக்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ், வெயிலோனெல்லா இரண்டும் இந்த வகைதான். அந்தக் கம்பெனி இந்த மாதிரி ஆய்விலிருந்துதான் தன் வரியை எடுத்திருக்கும். சிரோசிஸ் நோயாளிகளிடம் பார்த்ததை, தழும்பே இல்லாத உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

ஹெப்படைட்டிஸ் சி பற்றி 2018ல் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு, 166 நோயாளிகள். ஏஎல்டி நார்மலாக இருந்தவர்களிடம்கூட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூடத் தொடங்கியிருந்தது, நோய் முற்ற முற்ற அது ஏறியது. ஆக, ஆரம்ப நிலையில் ஒன்றுமே மாறாது என்றும் சொல்லிவிட முடியாது.

பாக்டீரியாதான் காரணமா என்ற கேள்விக்கு ஓரளவு நேரடியாகப் பதில் தேடியது 2015ல் தைவானில் நடந்த எலிப் பரிசோதனை. ஹெப்படைட்டிஸ் பி வைரஸின் டிஎன்ஏவை உடலில் செலுத்தினால், 12 வார வயது எலிகள் அதை விரட்டிவிட்டன, 6 வார வயது எலிகளால் முடியவில்லை. வளர்ந்த எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைத் துடைத்தபோது அவற்றாலும் விரட்ட முடியாமல் போனது. மனிதரிலும் வயது வித்தியாசம் உண்டு: பிறக்கும்போதோ முதல் வருடத்திலோ தொற்றினால் 90 சதவீதம் அளவுக்கு நாள்பட்டதாகிவிடுகிறது, பெரியவர்களுக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் கீழே. குடல் பாக்டீரியா முதிர்ச்சி அடைவது அதில் ஒரு காரணமாக இருக்கலாம். எலியில் பார்த்ததை மனிதனுக்கு அப்படியே நீட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

5. மழைக்காகம்

நான் ஆய்வுக் கட்டுரை படிப்பவள் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஹெப்படைட்டிஸ் சி. தெரியவந்தபோதே சிரோசிஸ். 12 வார மாத்திரையில் வைரஸ் போய்விட்டது, நாங்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அப்புறம் ஒரு வாரம் மலச்சிக்கல். பகலெல்லாம் தூங்கினார், ராத்திரி எழுந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று விட்டு ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டார். எரிச்சல் படாத மனிதர் எரிந்து விழுந்தார். வயசாகிவிட்டது, மனசு சரியில்லை என்று நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டிருந்தோம். காசோலையில் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் தம்பிக்குச் சந்தேகம் வந்தது. கோடு கோணல் மாணலாக, பெயரே முழுதாக வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னார். கைகள் நிற்காமல் பட் பட் என்று கீழே விழுந்து எழுந்தன. பார்த்ததுமே சொல்லிவிட்டார்: குடல் பாக்டீரியா உண்டாக்கும் அம்மோனியாவைக் கல்லீரல் சுத்தம் செய்யாமல் விட்டதால் அது மூளைக்குப் போகிறது.

கொடுத்த மருந்து லாக்டுலோஸ், அந்தத் தித்திப்புப் பாகு. அதை நான் வெறும் பேதி மருந்து என்றுதான் நினைத்திருந்தேன். நாம் செரிக்க முடியாத சர்க்கரையாம். பெருங்குடலில் பாக்டீரியா அதைத் தின்று அமிலமாக்கும், அந்த அமிலத்தில் அம்மோனியா ரத்தத்துக்குள் போக முடியாத வடிவத்துக்கு மாறி மலத்தோடு போய்விடும். நாளைக்கு 2, 3 தடவை இளகலாகப் போக வேண்டும், அதுதான் அளவு. மூடிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். நிறையக் கொடுத்தால் சீக்கிரம் தெளியும் என்று ஊற்றிவிடாதீர்கள், தண்ணீராகப் போய் உடம்பில் நீர் வற்றினால் குழப்பம் மறுபடி வரும்.

இரண்டாவது தடவை வந்த பிறகு ரிஃபாக்ஸிமின் சேர்த்தார்கள். அது குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும் ஆன்டிபயாடிக், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

இன்னொன்று. அப்பா நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை ரொம்ப காலமாகத் தானாகவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அதைப் பார்த்ததும், உண்மையிலேயே தேவையா என்று எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டு நிறுத்தினார்.

6. வயிறே_மந்திரம்

எல்லோரும் குழப்புகிறீர்கள். எங்கள் கேப்சூலில் 50 பில்லியன் நல்ல பாக்டீரியா இருக்கிறது, ஹெப்படைட்டிஸ் பி நெகட்டிவ் ஆனவர்களே இருக்கிறார்கள், மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். தொடர்புக்கு [நீக்கப்பட்டது]

7. நெறியாளர்

விற்பனை இணைப்பும் போன் எண்ணும் நீக்கப்பட்டன. மற்ற வரிகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், பதில் வரட்டும்.

8. சந்தேகப்பிராணி

வருகிறது பதில்.

ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் தன் மரபுப் பிரதியைக் கல்லீரல் செல்லின் கருவுக்குள், வட்ட வடிவ டிஎன்ஏவாகப் பதுக்கி வைத்துக்கொள்கிறது. டெனோஃபோவிரும் அதே வகை மருந்தான என்டெகாவிரும் புதிய வைரஸ் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன, அந்தப் பதுக்கலைத் தொடுவதில்லை. அதனால்தான் பெரும்பாலானோர் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கிறது. குடலுக்குள் போகிற ஒரு லாக்டோபாசில்லஸ் பாக்டீரியா, கல்லீரல் செல்லின் கருவுக்குள் போய் அதை எப்படி அழிக்கும்? டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தினால் வைரஸ் திடீரென்று கிளம்பி, கல்லீரல் செயலிழப்பு வரைக்கும் போகலாம். "மருந்தையும் நிறுத்திவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதுவதைப் படித்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

50 பில்லியன் பற்றி: எண்ணிக்கை விளம்பரத்துக்கு. எந்த இனம், அதில் எந்தத் திரிபு, எந்த நோய் நிலையில் பரிசோதித்தது, என்ன மாறியது என்பதுதான் கேள்வி. சிரோசிஸில் மூளைக் குழப்பம் உள்ளவர்களுக்கு ப்ரோபயாடிக் (இந்த மாதிரி 'நல்ல பாக்டீரியா') கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, ஓரளவு பலன் தெரிந்தாலும் ஆதாரத்தின் தரம் குறைவு என்றது. இறப்பைக் குறைப்பதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதுவும் சிரோசிஸ்காரர்களுக்கு. அரைத்தூக்கம் மாதிரி ஆட்களுக்கு இதை நீட்டவே முடியாது.

'இயற்கை, அதனால் தீங்கில்லை' என்பதும் சரியில்லை. எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களுக்கு கேப்சூலில் உள்ள உயிரியே ரத்தத்தில் கலந்து தொற்று வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. 'குடல் சுத்தம்' என்று விற்கும் மூலிகைச் சாறு மாத்திரைகள் சிலது நேரடியாகக் கல்லீரலையே அடிக்கும். செறிவான கிரீன் டீ சாறு அதற்குப் பேர்போனது.

9. தேன்சிட்டு

மழைக்காகம் அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். எனக்கும் ஹெப்படைட்டிஸ் சி இருந்து மாத்திரையில் குணமாகிவிட்டது. சிரோசிஸ் இல்லை. வைரஸ் போனால் குடலும் பழைய நிலைக்கு வந்துவிடுமா?

10. நுண்ணோக்கி

முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. தழும்பு குறைவாக இருந்தவர்களிடம் ஆரோக்கியமானவர்களின் அமைப்பை நோக்கி ஓரளவு திரும்பியதாகச் சில ஆய்வுகள் காட்டின. சிரோசிஸ் வந்துவிட்டவர்களிடம், வைரஸ் போன பிறகும் மாற்றம் அப்படியே நின்றதாக ஓர் ஆய்வு, வருடம் போகப் போகக் கொஞ்சம் தேறியதாக இன்னொன்று. எனக்கு இதில் புரிவது: குடலைக் கெடுப்பதில் வைரஸைவிட தழும்புக்கும் போர்ட்டல் அழுத்தத்துக்கும்தான் பெரிய பங்கு. மழைக்காகத்தின் அப்பாவுக்கு வைரஸ் போன பிறகும் குழப்பம் வந்தது அதனால்தான். உங்களுக்குச் சிரோசிஸ் இல்லை என்றால் இதற்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

11. அரைத்தூக்கம்

எல்லாவற்றையும் படித்தேன். வேலை முடிந்து இப்போதுதான் உட்கார முடிந்தது.

சந்தேகப்பிராணியின் கேள்விக்கு: ஆமாம், பான்டோபிரசோல் தினமும் காலையில் சாப்பிடுகிறேன், நெஞ்செரிச்சலுக்கு. ரொம்ப நாளாக. மாதிரி அனுப்புவதற்குச் சில வாரம் முன்பு கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, பல் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். அந்தக் கம்பெனி படிவத்தில் வயசு, எடை, சைவமா அசைவமா என்றெல்லாம் கேட்டார்கள். மருந்து பற்றி ஒரு கட்டம்கூட இல்லை.

மலத்தையே மாற்றி வைக்கும் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறதாமே, அது ஹெப்படைட்டிஸ் பி-க்கு உதவும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அது என்ன?

12. சந்தேகப்பிராணி

கிடைத்துவிட்டது!

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களின் குடலில் வாய் பாக்டீரியா கூடும். 2016ல் 'கட்' (Gut) என்ற மருத்துவ இதழில் 1,815 பேரை வைத்து வந்த ஆய்வு அதைக் காட்டியது. அவர்கள் கல்லீரல் நோயாளிகள் இல்லை. வாயிலிருந்து இறங்குவதைத் தடுக்கும் அமிலத்தை மாத்திரையால் அணைத்துவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் வெயிலோனெல்லாவும் கீழே வரத்தான் செய்யும். ஆன்டிபயாடிக் எடுத்தால் பிஃபிடோபாக்டீரியமும் மொத்த வகைகளும் குறையும். உங்கள் சிவப்பு மீட்டரில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் கல்லீரலைத் தொடாமலே விளக்கம் வந்துவிட்டது பாருங்கள். உங்கள் டாக்டர் இரண்டு பக்கத்தோடு மடித்ததில் தப்பே இல்லை.

13. நுண்ணோக்கி

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கூடவே, இந்த ரிப்போர்ட்டுகள் விகிதத்தைத்தான் சொல்கின்றன. ஒன்று குறைந்தால், மற்றது கூடாமலே கூடியதாகத் தெரியும். ஏஎல்டிக்கு இருப்பது போல எல்லோரும் ஒப்புக்கொண்ட நார்மல் அளவு இதற்குக் கிடையாது. அதே மாதிரியை வேறு கம்பெனிக்கு அனுப்பினால் முள் வேறு நிறத்தில் நிற்கலாம்.

மல மாற்று சிகிச்சை: ஆரோக்கியமானவரின் மலத்தைச் சோதித்துப் பக்குவப்படுத்தி, எண்டோஸ்கோப்பி வழியாகவோ கேப்சூலாகவோ கொடுப்பது. திரும்பத் திரும்ப வரும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் குடல் தொற்றில் நன்றாக வேலை செய்கிறது. ஹெப்படைட்டிஸ் பி-யில், ஏற்கெனவே ஆன்டிவைரல் மருந்தில் இருந்த, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களிடம் செய்த முன்னோட்ட ஆய்வில் ஈ ஆன்டிஜென் என்ற வைரஸ் புரதத்தின் அளவு குறைந்ததாக 2017ல் எழுதினார்கள். வீடியோக்காரர் அதைத்தான் ஊதிப் பெருக்கியிருப்பார். 2019ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விட்டதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும்: ஒரே கொடையாளரின் மலத்தைப் பெற்ற இருவருக்கு மருந்துக்கு அடங்காத ஈ.கோலை தொற்றியது, ஒருவர் இறந்தார். பிழைத்த மற்றவர் சிரோசிஸ் நோயாளி. முறையான ஆய்வுக்கு வெளியே இதைத் தொடவே கூடாது. வீட்டிலேயே செய்துகொள்ளும் கூத்தும் நடக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள்.

14. மழைக்காகம்

அரைத்தூக்கம் சார், இதையெல்லாம் படித்துவிட்டு அமிலம் குறைக்கும் மாத்திரையை நாளைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்பா ஒருநாள் தானாக நிறுத்திப் பார்த்து, அமிலம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்து அவதிப்பட்டார். டாக்டர் படிப்படியாகத்தான் குறைத்தார்.

சிரோசிஸ் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒன்று: அம்மோனியா என்றதும் புரதத்தை நிறுத்திவிடுகிறார்கள். நாங்களும் அப்பாவுக்குப் பாதியாகக் குறைத்து, தசை கரைந்து நடை தள்ளாடியது. எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்று உணவு ஆலோசகர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தசையும் அம்மோனியாவைச் சுத்தம் செய்யுமாம். ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது, படுக்கும் முன் கொஞ்சம் சாப்பிட வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருப்பவருக்குக் காய்ச்சல், வயிற்று வலி, திடீர்க் குழப்பம் இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடல் பாக்டீரியா அந்த நீருக்குள் இறங்கித் தொற்று உண்டாக்கியிருக்கலாம். ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

15. அரைத்தூக்கம்

நன்றி அக்கா. கேப்சூல் வாங்கவில்லை. டெனோஃபோவிர் தொடர்கிறது. அடுத்த முறை டாக்டரிடம் பான்டோபிரசோலைக் குறைக்கலாமா என்று மட்டும் கேட்கப்போகிறேன், உப்புசத்துக்கும் அது காரணமா என்று சேர்த்துக் கேட்க வேண்டும். வழக்கமான ரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் எப்படியும் அந்த வாரம்தான்.

ஒரு சந்தேகம். வாய் பாக்டீரியாதான் கீழே இறங்குகிறது என்றால் பல்லைச் சரிசெய்தால் ஏதாவது பிரயோஜனம் உண்டா? இன்னும் அந்தக் கடைவாய்ப் பல்லை முழுசாகப் பார்க்கவில்லை.

16. நுண்ணோக்கி

சிரோசிஸ் நோயாளிகளிடம் ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தபோது ரத்தத்தில் எண்டோடாக்சின் குறைந்ததாக 2018ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது, மூளைக் குழப்பம் இருந்தவர்களின் சிந்தனைத் திறனும் கொஞ்சம் தேறியது. உங்கள் நிலைக்கு அதைப் பொருத்த முடியாது. ஆனால் சீழ் வைத்த பல்லைப் போய்ப் பாருங்கள், அதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. பல் டாக்டரிடம் ஹெப்படைட்டிஸ் பி இருப்பதையும் டெனோஃபோவிர் சாப்பிடுவதையும் சொல்லிவிடுங்கள். வலி மாத்திரை எழுதினால், டெனோஃபோவிரோடு சேர்த்துச் சிறுநீரகத்துக்கு ஒத்துவருமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.